எட்டு ஊர்ச் சீட்டு

இளம்பிள்ளையில் இருக்கும் என் அத்தைக்கு வயது 71. இத்தனை வருஷங்களில் அந்த அம்மாள் எவ்வளவு தூரம் பிரயாணம் செய்திருக்கிறாள் என்று ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். மேற்கே ஈரோடு வரையில்; கிழக்கே ஆத்தூர் வரையில்; வடக்கே மேட்டூர் அணை; தெற்கே நாமக்கல் ஆஞ்சநேயர். இந்த நாலு எல்லைக்குள் அத்தையின் பூலோகம் அடங்கிவிட்டது. ஆனால் அவள் கை மட்டும் நெடுந்தூரம் போயிருக்கிறது. கல்யாணமாகி வந்த நாள் முதல் ராட்டையில் தார் சுற்றியவள் அல்லவா? அவள் சுற்றிய நூலையெல்லாம் அவிழ்த்து நீட்டினால், இளம்பிள்ளையிலிருந்து ராமேசுவரத்துக்குப் போய்த் திரும்பி வந்து, மறுபடியும் ஒரு தடவை போவதற்குக் காணும் என்பது என் அபிப்பிராயம்.

இளம்பிள்ளையை நேயர்கள் பார்த்திராவிட்டாலும் அவ்வூர்ப் புடவையைப் பார்த்திருப்பீர்கள். சேலத்தில் பஸ் ஏறினால் கஞ்சமலை வெகுதூரம் கூடவே வருகிறது. மலையடிவாரத்துச் சித்தர் கோவிலுக்கு அமாவாசைதோறும் ஜனங்கள் கூடுகிறார்கள். அப்பால் ஊர் வருவதைக் கண்ணுக்கு முன்னால் காது தெரிந்துகொள்கிறது. வீதிக்கு வீதி தறிச் சத்தம். வெளியூர் வியாபாரிகள் கட்டுக் கட்டாகப் புடவை வாங்கிக்கொண்டு போகிறார்கள். இவ்வளவு பேர் வந்து போகும் ஊருக்குச் சொந்தமாக ஒரு ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. பக்கத்திலுள்ள மகுடஞ்சாவடியில் ஒன்று உண்டு. ரயில்வேக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'மக்டொனால்ட்ஸ் சவுல்ட்ரி'. மக்டொனால்டு என்ற துரையின் பெயரால் ஏற்பட்ட சாவடியைத்தான் நம்மவர்கள் மகுடஞ்சாவடி ஆக்கி, துரையின் தலையில் ஒரு மகுடத்தையும் வைத்துவிட்டார்கள்! எங்கள் அத்தை அந்த ஸ்டேஷன் வழியாகத்தான் ஈரோட்டுக்குப் போனாள். அது ஒன்றே அவளுடைய ரயில் அனுபவம்.

எட்டு வருஷத்துக்கு முன் மாமா நோயாகப் படுத்திருந்தபோது, அத்தை ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து பழனி ஆண்டவனுக்கு நேர்ந்துகொண்டாள். மாமா பிழைக்கவில்லை. காரியம் பலிக்காத நேர்த்திக்கடனைச் செலுத்த வேண்டியதில்லை என்று வீட்டிலே சொன்னார்கள். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "முடிந்தது நான்தானே? அவனா முடியச் சொன்னான்?" என்றாள். முடிச்சு மட்டும் அரிசிப் பானைக்குள் இருந்துகொண்டேயிருந்தது. தறி ஓடாத நாள் கிடைத்தால் பணம் இல்லை. பணம் உள்ள நாளில் தறி ஓடிற்று.

நிற்க. அத்தையின் பேரன் ஒரு யந்திரக் கம்பெனியில் உத்தியோகத்தில் இருக்கிறான். கம்பெனிக் காரியமாக அவனைச் சில வாரங்களுக்கு ஜப்பான் தேசத்தின் தெற்குத் தீவாகிய கியூஷுவுக்கு அனுப்பினார்கள். காரியம் முடிந்த பிறகு கையிலிருந்த சில நாட்களில் அந்தத் தீவு முழுவதையும் பார்த்துவிட்டு வந்தான். வந்தவன் பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்துத் திண்ணையில் வைத்தான். ஒன்று, ஒரு சாண் நீளப் பட்டுத் துண்டு. இன்னொன்று, ரயில் சீட்டு.

அந்தச் சீட்டின் மகிமையை அவன் சொன்னபோது எங்களுக்கு வாய் திறந்தது மூடவில்லை. ஜப்பானில் ரயில்வே ஒரு காலத்தில் சர்க்கார் சொத்தாக இருந்தது. 1987-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அதைப் பிராந்தியவாரியாக 6 பிரயாணிக் கம்பெனிகளாகவும், சரக்குக்கென்று ஒரு கம்பெனியாகவும் பிரித்தார்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் பிராந்தியத்துக்கென்று சுற்றுலாச் சீட்டு விற்கிறது. கியூஷுக் கம்பெனியின் சீட்டு 3 நாள், 5 நாள், 7 நாள் என்று தினுசு தினுசாக இருக்கிறது. தீவு முழுவதற்கும் ஒன்று. வட பாகத்துக்கு மட்டும் ஒன்று. தென் பாகத்துக்கு மட்டும் ஒன்று. ஒரு தடவை பணத்தைக் கொடுத்துவிட்டால் அத்தனை நாளும் ஏறலாம், இறங்கலாம், மறுபடியும் ஏறலாம். நம் பையன் காலையில் ஹகாடாவில் ஏறி, 2016-ம் வருஷத்துப் பூகம்பத்தில் சிதைந்து பின்னர் செப்பனிடப்பட்டு வரும் குமமோட்டோக் கோட்டையைப் பார்த்துவிட்டு, மாலையில் ககோஷிமாவில் எரிமலை புகைவதையும் பார்த்தானாம். மறு நாள் நாகஸாகி. அதற்கு மறு நாள் பெப்புவில் வெந்நீர் ஊற்று.

"எல்லாம் இனாம் மாதிரி இருக்கிறதே! எங்கேயாவது முள் இருக்க வேண்டுமே?" என்று கேட்டேன்.

முள் இருக்கத்தான் செய்தது. இந்தச் சீட்டு அந்நிய நாட்டிலிருந்து குறுகிய காலத்துக்கு வருகிறவர்களுக்கு மட்டுமே. பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் கிடைக்கும். ஹகாடாவுக்கும் கொகுராவுக்கும் இடையே ஓடும் அதிவேக ரயில் மேற்குக் கம்பெனியைச் சேர்ந்ததாகையால் அதில் கியூஷுச் சீட்டுச் செல்லாது. தீவுக்குள்ளேயே ஓடும் ரயிலாயிற்றே என்று ஏறி உட்கார்ந்தால் தனிக் கட்டணம் அழ வேண்டும். ஜப்பான் முழுவதற்கும் ஒரே சீட்டு என்று 1981-ம் வருஷத்திலிருந்து ஒன்று இருக்கிறது. ஆனால் 7 நாள் சாதாரணச் சீட்டு 29,650 யென்னாக இருந்ததை 2023-ம் வருஷம் அக்டோபரில் ஒரே தாவாக 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். அது முதல் பிராந்தியச் சீட்டுக்கு மவுசு கூடிவிட்டதாம். ஒரே வாரத்தில் ஜப்பான் முழுவதையும் விழுங்கப் பார்ப்பதைவிட ஒரு மூலையைச் சாவகாசமாகப் பார்ப்பது தேகத்துக்கும் நல்லது என்று நானும் நினைக்கிறேன்.

இவ்வளவையும் அத்தை கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நாங்கள் நினைத்தோம். அவளோ அந்தப் பட்டுத் துண்டை விரல்களால் நெருடிக்கொண்டிருந்தாள். ஹகாடாவில் நெய்யும் இடைக்கச்சைப் பட்டு அது. "பாவு மயிர் மாதிரி மெல்லிசு. நெருக்கமோ நெருக்கம். ஊடை தடிப்பு. ஓங்கி அடித்து நெய்திருக்கிறான்" என்றாள். பையன் பிரமித்துப் போனான். அந்த ஊர்க் கடைக்காரர் அவனுக்கு அரை மணி நேரம் விளக்கிச் சொன்ன விஷயம் அதுதானாம்.

அப்புறம் துண்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏன் கண்ணு, நீதான் பத்திரிகையிலே எழுதுகிறாயே. இந்த மாதிரி ஒரு சீட்டு நம்ம ரயிலிலே கிடையாதா?"

எனக்குத் தெரியவில்லை. வாரந்தோறும் நாலு பேருக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருப்பவன் 'தெரியாது' என்று சொல்லுவது எவ்வளவு கஷ்டம் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன்.

வேறு காரியமாகப் போயிருந்த ஒரு பெரிய ஸ்டேஷனில் விசாரித்தேன். எந்த ஸ்டேஷன் என்று சொல்வதாக இல்லை. ஜன்னலுக்குள் இருந்தவர், "எங்கிருந்து எங்கே?" என்றார். "சேலத்திலிருந்து சேலத்துக்கு" என்றேன். அவர் என் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்றவரையும் பார்த்தார். "அப்படி ஒரு டிக்கெட்டே கிடையாது. அடுத்த ஆள்!" என்றார். அடுத்த ஆள் என்னை இடித்துக்கொண்டு முன்னேறினார். சேலத்தில் ஏறிச் சேலத்தில் இறங்க விரும்புகிறவனுடைய புத்தி சுவாதீனத்தைப் பற்றி அந்த வரிசையில் நல்ல அபிப்பிராயம் இல்லை என்று கண்டேன்.

ஆனால், நேயர்களே, அப்படி ஒரு சீட்டு உண்டு! இந்திய ரயில்வேயின் விதிகளிலே அச்சிட்டிருக்கிறது. 'சர்க்குலர் ஜர்னி டிக்கெட்' என்று அதற்குப் பெயர். நாம் சுற்றுப் பயணச் சீட்டு என்று சொல்லலாம். புறப்பட்ட ஸ்டேஷனுக்கே திரும்பி வந்து சேரும்படி ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தால், வட்டம் முழுவதற்கும் ஒரே சீட்டு. வழியில் 8 இடங்களில் இறங்கித் தங்கலாம். எல்லா வகுப்புக்கும் உண்டு. ஜப்பான் சீட்டுப் போல் நினைத்த இடமெல்லாம் ஓட முடியாது. முன்னாலேயே வழியைத் தீர்மானித்து எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஆனால் ஜப்பானில் ஜப்பானியருக்குக் கிடைக்காத சீட்டு அந்நியருக்குக் கிடைக்கிறது. இதுவோ நமக்கே கிடைக்கிறது. இங்கேயும் அந்நிய நாட்டாருக்கும் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கும் 'இண்ட்ரெயில் பாஸ்' என்று ஒன்று தனியாக இருந்தது. அதை 2017-ம் வருஷத்தில் நிறுத்திவிட்டார்கள்.

இதில் லாபம் எப்படி வருகிறது என்பதை இளம்பிள்ளைக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். ஒரு புடவை வாங்கினால் ஒரு விலை. கட்டாக வாங்கினால் வேறு விலை. ரயில்வேயிலும் அப்படியே. முதல் நூறு கிலோமீட்டருக்கு உள்ள விலை ஐந்நூறாவது கிலோமீட்டருக்கு இல்லை. தூரம் போகப் போகக் கிலோமீட்டரின் விலை இறங்கிக்கொண்டே போகிறது. ஊர் ஊராக இறங்கித் துண்டு துண்டாகச் சீட்டு வாங்கினால் ஒவ்வொரு துண்டுக்கும் சில்லறை விலைதான். சுற்றுப் பயணச் சீட்டிலோ, மொத்தத் தூரத்தையும் கூட்டிச் சரிபாதியாக வெட்டி, இரண்டு நெடும் பிரயாணங்களாகக் கணக்கிடுகிறார்கள். டில்லியிலே புறப்பட்டு, பம்பாய், கோவா, பங்களூர், மைசூர், உதகமண்டலம், திருவனந்தபுரம், கன்னியாகுமரி எல்லாம் பார்த்து டில்லிக்கே திரும்பும் 7,550 கிலோமீட்டர் வட்டம் ஒன்றை ரயில்வேயே உதாரணமாகக் காட்டியிருக்கிறது. கட்டணம், 3,775 கிலோமீட்டர் பிரயாணம் இரண்டுக்கு உள்ளது. இந்த வட்டத்தில் மைசூரும் உதகமண்டலமும் போன வழியே திரும்ப வேண்டிய ஊர்கள் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். வட்டத்துக்கு வால் இருக்கலாம் என்று ஏற்படுகிறது. ராமேசுவரம் போக விரும்பும் தமிழர்களுக்கு இது மிகவும் முக்கியமான விஷயம்.

சீட்டு எத்தனை நாள் செல்லும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 400 கிலோமீட்டருக்கு 1 நாள் வீதம் பிரயாண நாள். 200 கிலோமீட்டருக்கு 1 நாள் வீதம் தங்கும் நாள். மிச்சம் மீதி இருந்தால் அதற்கும் ஒரு நாள். இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டியது.

காந்திமகான் 1915-ல் தென் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பியதும் தேசத்தைப் பார்ப்பதற்காக மூன்றாம் வகுப்பில் ஏறிப் புறப்பட்டார். அந்த வகுப்பிலே ஜனங்கள் படும் பாட்டைப் பற்றி 1917-ல் ஒரு சிறு பிரசுரமே எழுதினார். மூன்றாம் வகுப்பு என்ற பெயரை 1974-ல் எடுத்துவிட்டார்கள். பாட்டில் எவ்வளவு குறைந்தது என்பதைப் பண்டிகைக் காலத்தில் பொது வண்டியில் ஏறுகிறவர்கள் சொல்லட்டும். நான் சொல்ல வந்தது வேறு. தேசத்தைப் பார்ப்பதற்கு ஏழைக் குடும்பத்துக்கு உள்ள ஒரே வாகனம் ரயில்தான். அப்படிப்பட்டவர்களுக்கு உதவக்கூடிய ஒரு சீட்டை விதிப் புத்தகத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ஜன்னலிலே 'கிடையாது' என்று சொல்லும்படி விட்டிருப்பதை எப்படிப் பொறுப்பது? வயது முதிர்ந்தவர்களுக்கு இருந்த சலுகையும் 2020-ம் வருஷம் மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னால் போயிருந்தால் எங்கள் அத்தைக்குப் பாதிக் கட்டணம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.

இனி வட்டம் போட்ட கதை. தமிழ்நாட்டுத் தேசப் படத்தைத் திண்ணையில் விரித்தோம். சேலத்திலிருந்து விருத்தாசலம், கடலூர். அங்கிருந்து கடற்கரை ஓரமாகச் சிதம்பரம், மயிலாடுதுறை. பிறகு காவேரிக் கரையோடு கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி. தெற்கே திரும்பிக் காரைக்குடி, மானாமதுரை. ராமேசுவரம் என்ற வால். திரும்பி மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம். விருத்தாசலம் பாதை 2007-ல் அகலப் பாதையாயிற்று. நாமக்கல் வழியாகக் கரூருக்குப் போகும் பாதையில் 2013-ல்தான் ரயில் ஓடத் தொடங்கிற்று. ஆகவே எங்கள் தாத்தா நினைத்திருந்தாலும் இந்த வட்டத்தைப் போட்டிருக்க முடியாது.

8 இடம் என்றதும் வீட்டில் ஒரு பாரதப் போர் மூண்டது. வண்டி மாறுவதற்காக இறங்குவது இந்த எட்டில் சேராது, தங்குவதுதான் சேரும். பேரன் திண்டுக்கல் வேண்டும் என்றான். காரணம் பிரியாணி என்பதை மறைக்கவும் இல்லை. மருமகள் மயிலாடுதுறைக்கு வாதாடினாள். நான் நாமக்கல்லில் இறங்கி மலைக்கோட்டை பார்க்கலாம் என்று சொன்னதைக் கேட்டு அத்தை சிரித்தாள். "பஸ் ஏறினால் வெற்றிலை மெல்வதற்குள் வருகிற ஊருக்கு ஒரு இடமா?" என்றாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: பழனி. திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு ஒரு கிளை போகிறது; போன வழியே திரும்ப வேண்டும். ஆகவே வட்டத்துக்கு இரண்டாவது வால் முளைத்தது. கடைசியில் முடிவானவை: சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, காரைக்குடி, ராமேசுவரம், மதுரை, பழனி. தூரம் ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர். பிரயாண நாள் 3. தங்கும் நாள் 6. ஆக 9 நாள்.

அப்புறம் விண்ணப்பம். இதைக் கோட்ட வர்த்தக மேலாளர் ஆபீசில் கொடுக்க வேண்டும். 2007-ம் வருஷம் நவம்பரில் சேலத்திலேயே ஒரு ரயில்வே கோட்டம் ஏற்பட்டுவிட்டதால் நமக்கு அலைச்சல் குறைவு. ஊர்களின் பெயரை வரிசையாக எழுதி, எந்தப் பாதை வழியாக என்பதையும், எங்கெங்கே தங்குவது, என்றைக்குப் புறப்படுவது, எத்தனை பேர், எந்த வகுப்பு என்பதையும் தெளிவாகக் குறிக்க வேண்டியது. அவர்கள் கட்டணத்தைக் கணக்கிட்டு ஸ்டேஷன் மேலாளருக்குத் தெரிவிக்கிறார்கள். அந்தத் தாளைக் காட்டினால் புறப்படும் ஸ்டேஷனில் சீட்டுக் கொடுக்கிறார்கள். அதற்கு அப்பால், படுக்கை வேண்டிய இடங்களுக்கு ரிஸர்வேஷன் தனியாகச் செய்துகொள்ள வேண்டும். அதற்குக் கட்டணமும் தனி. நாளை மறு நாள் புறப்படுவதாக வைத்துக்கொண்டு இன்றைக்கு ஓடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் முன்னதாகத் தொடங்குவது நலம். விண்ணப்பத்தின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். நகலின் அருமை எனக்கு மானாமதுரைக்குப் போகும் வழியில் தெரிந்தது. பரிசோதகர் ஒருவர் எங்கள் சீட்டை மேலும் கீழும் திருப்பிப் பார்த்து, இப்படி ஒரு ஜந்துவைத் தாம் கண்டதில்லை என்ற பாவனையில் நின்றார். நகலைக் காட்டினேன். படித்தார், புன்னகை செய்தார், "என் தாயாரையும் இப்படி அழைத்துப் போகலாம் போலிருக்கிறதே" என்று சொல்லி அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போனார்.

2025-ம் வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை சேலத்தில் ஏறினோம். நாலு பேர்.

சிதம்பரத்தையும் திருச்சி மலைக்கோட்டையையும் பற்றி நான் எழுதிப் புதிதாக என்ன தெரியப் போகிறது? தஞ்சாவூரைப் பற்றி ஒரே வார்த்தை. 1010-ம் வருஷத்தில் ராஜராஜன் கட்டி முடித்த விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அத்தை கேட்டது, "இதற்குச் சாரம் கட்டினவன் பேர் எங்கேயாவது எழுதியிருக்கிறதா?" என்பது. கல்வெட்டுகளைப் பற்றி நான் ஆரம்பித்த பிரசங்கம் அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டது.

ஆனால் கும்பகோணத்தில் நாங்கள் தங்கிய நாளை மறப்பதற்கில்லை. கோவில்களைப் பார்ப்பதற்கென்று வைத்திருந்த பொழுதில் பாதியை அருகிலுள்ள திருபுவனம் தின்றுவிட்டது. அது பட்டு நெசவு ஊர். ஒரு வீட்டில் தறிச் சத்தம் கேட்டதும் அத்தை படியேறிவிட்டாள். உள்ளே குழித்தறியில் ஒருவர் நெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கிழவி தார் சுற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு கிழவிகளும் பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் அத்தை உட்கார்ந்து ராட்டையைப் பிடித்துப் பார்த்தாள். அவள் நூலைக் காட்டினாள். இவள் விரலில் இருந்த காய்ப்பைக் காட்டினாள். திருபுவனத்துப் பட்டுப் புடவைக்கு ஒரு விசேஷம் உண்டு. அதைச் சாதாரணமாக மடிப்பதில்லை, விசிறி மடிப்பு. கொசுவம் கொசுவமாக மடித்து வைத்த புடவை, இழுத்தால் விரிந்து, விட்டால் தன் நிலைக்கே திரும்புகிறது. அதை மடிப்பது எப்படி என்று அத்தை மூன்று தடவை செய்யச் சொல்லிப் பார்த்தாள். நாலாவது தடவை தானே மடித்தாள். நாச்சியார்கோவிலுக்குப் போக நேரமில்லாமல் போயிற்று. பேரன் என்னைப் பார்த்தான். நான் படத்தைச் சுருட்டிப் பையில் வைத்தேன்.

காரைக்குடியில் செட்டியார் வீடுகளைப் பார்க்க வேண்டும் என்பது என் திட்டம். கண்டாங்கிப் புடவை பார்க்க வேண்டும் என்பது அத்தையின் திட்டம். மதுரையில் மீனாக்ஷி கோவிலுக்கு அப்புறம் சுங்குடிப் புடவை. துணியிலே முடிச்சு முடிச்சாகப் போட்டுச் சாயத்தில் தோய்த்து, முடிச்சை அவிழ்த்தால் அந்த இடமெல்லாம் புள்ளியாக நிற்கிறதே, அதைக் கண்டு, "முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறுவதில்லை" என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள். இடுப்பிலே செருகியிருந்த சுருக்குப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ராமேசுவரத்துக்குப் போகும் பாம்பன் பாலத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1914-ம் வருஷம் பிப்ரவரியில் திறந்த பழைய பாலத்தில் 2022-ம் வருஷம் டிசம்பருடன் ரயில் நின்றுவிட்டது. பக்கத்திலேயே 2 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளத்தில் புதுப் பாலம் கட்டி 2025-ம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி திறந்தார்கள். கப்பல் வரும்போது பழைய பாலம் இரண்டு கைகளைப் போல மேலே பிரிந்து நிற்கும், புதியதிலோ 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப் பாகம் கிடந்தபடியே நேர் மேலே எழும்புகிறது. ஒரு காலத்தில் இந்தப் பாதை தனுஷ்கோடி வரையில் போயிற்று. சென்னையில் சீட்டு வாங்கி, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்புக்குப் போய்ச் சேருவார்கள். 1964-ம் வருஷம் டிசம்பர் மாதத்துப் புயலில் தனுஷ்கோடியும் போயிற்று. அதை நெருங்கிக்கொண்டிருந்த பிரயாணி ரயிலும் உள்ளிருந்தவர்களோடு போயிற்று. இதையெல்லாம் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வண்டி பாலத்தின் மேல் ஏறிற்று. இரு புறமும் தண்ணீர். கடலூர், சிதம்பரம் வழியில் ரயில் கடலுக்குச் சமீபமாகப் போனாலும் கடல் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகையால் அத்தை கடலைக் காண்பது இதுதான் முதல் தடவை. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காலை வெயிலில் அலைகள் கோடு கோடாக மினுங்கின. வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "யாரடா இவ்வளவு நீளத்துக்குப் பாவு நீட்டிப் போட்டது?" என்றாள். மருமகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காற்றில் மணல் விழுந்திருக்கலாம்.

எட்டாம் நாள் பழனி. இழுவை வண்டியில் மேலே போகலாம் என்று எவ்வளவோ சொன்னோம். படியிலேதான் ஏறுவேன் என்றாள், ஏறினாள், நாங்கள் மூன்று பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனோம். உண்டியலுக்கு எதிரில் நின்று மஞ்சள் முடிச்சை எடுத்தாள். எட்டு வருஷத்து முடிச்சு இறுகிப் போயிருந்தது. பேரன் பல்லால் கடித்து அவிழ்க்கக் கையை நீட்டினான். "வேண்டாம். நூல் எனக்குப் பேசும்" என்று சொல்லி, நகத்தால் மெள்ள மெள்ள நெம்பி, இழை அறாமல் அவிழ்த்தாள். காசை உண்டியலில் போட்டாள். துணியை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள்.

மறு நாள் மாலை சேலத்தில் இறங்கியபோது நான் செலவுக் கணக்கைப் பார்த்தேன். துண்டு துண்டாகச் சீட்டு வாங்கியிருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிட மிச்சம்தான். ஆனால் மலைக்கும்படியான மிச்சம் என்று சொல்லமாட்டேன். நெடுந்தூரம் போகிறவர்களுக்குத்தான் இதில் பெரிய லாபம். எங்களைப்போல் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் சுற்றுகிறவர்களுக்குக் கிடைப்பது, ஊருக்கு ஊர் ஜன்னலில் நிற்காத சௌகரியம். அதற்குப் பதிலாகச் சேலத்தில் முன்கூட்டியே இரண்டு நாள் நின்றாகிவிட்டது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

போன வாரம் இளம்பிள்ளைக்குப் போயிருந்தேன். அத்தை திண்ணையில் உட்கார்ந்து, தறியிலிருந்து அறுத்து வந்த புடவை ஒன்றை விசிறி மடிப்பாக மடித்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் சுற்றி நின்றார்கள். பக்கத்திலே தேசப்படம் விரித்திருந்தது. அதன் மேல் மூக்குக் கண்ணாடி. என்னைக் கண்டதும், "வா கண்ணு, காசிக்கு வால் இருக்கிறதா, வட்டம்தானா என்று பார்த்துச் சொல்லு" என்றாள்.